தலையாட்டினால் போதாது

“அவசரம்னா இந்தக் கதவைத் திறக்க உங்களால முடியுமா மேடம்?”

விமானப் பணிப்பெண் சிரித்த முகத்தோடுதான் கேட்டாள். பன்னிரண்டாம் வரிசையில் உட்காருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்வி அது. எல்லோரும் சொல்கிற பதிலும் ஒன்றுதான். செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே “முடியும், முடியும்” என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டிக்கொள்வார்கள்.

ஜன்னலோரம் இருந்தவள் அப்படிச் செய்யவில்லை. கதவை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். சிவப்புக் கைப்பிடியைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள்.

“தெரியலையே…” என்றாள். “இதுவரைக்கும் திறந்து பாத்ததில்லை. திறந்து பாக்காத கதவைத் திறப்பேன்னு எப்படிங்க சொல்றது?”

பணிப்பெண்ணின் சிரிப்பு பாதியில் நின்றது. அவசர வழியை ஒட்டிய வரிசை என்பதால் அங்கே முன்னால் தாராளமாக இடம் இருக்கும். அதற்குக் கூடுதல் கட்டணமும் உண்டு. ஆனால் கட்டணம் கட்டியவர் ‘உதவி செய்வேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். விதி அப்படி. இதையெல்லாம் பணிப்பெண் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். இவளும் மனம் இறங்கி, லேசாகத் தலையை ஆட்டிப் பார்த்தாள்.

“தலையாட்டினா போதாது மேடம். வாயால சொல்லணும்.”

அந்த வாய்தான் வரவில்லை. அவளைக் குறை சொல்லியும் பயனில்லை, வேலை அப்படி. எடை அளவு ஆய்வாளர். ஒன்பது வருடமாகக் கடை கடையாக ஏறி இறங்கி, தராசைச் சோதித்து, சரியாக இருந்தால் மட்டும் முத்திரை குத்துகிறவள். ‘நம்ம தராசு தங்கமான தராசும்மா’ என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்த கடைகளில்தான் கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைந்திருக்கும். சோதிக்காமல் சொல்லும் வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று அவளுக்குத் தெரியும்.

ஆக, இடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். பணிப்பெண் பின்பக்கம் போய் ஆள் தேடினாள். இருபத்து மூன்றாம் வரிசை நடு இருக்கையில் ஒருவன் மடக்கு நாற்காலி மாதிரி மடங்கி உட்கார்ந்திருந்தான். கேட்டதும் பளிச்சென்று எழுந்தான். மேலே முட்டிக்கொண்டான்.

“கதவு திறக்கறதுதாங்க என் பொழப்பே. லிஃப்ட் மெக்கானிக்.”

நடைபாதையில் இருவரும் எதிரும் புதிருமாக வந்தார்கள். அவன் கழுத்து வளைந்து நின்றது, இவள் கழுத்து நிமிர்ந்து நின்றது. அவ்வளவு உயர வித்தியாசம். அந்த மனிதன் சும்மா போயிருக்கலாம். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது போல, “ரொம்ப தாங்க்ஸ்ங்க” என்றான்.

“எனக்கு எதுக்கு தாங்க்ஸ்? காசு கட்டினவ நான். கால் நீட்டறவர் நீங்க.”

அவன் முகம் சுண்டிப்போனது. அப்போதுதான் அந்தக் கண்களைக் கவனித்தாள். குறும்பு செய்கிற கண்கள்தான், ஆனால் குற்றம் செய்தால் உடனே ஒப்புக்கொள்கிற கண்கள். ‘இருக்கட்டும், நமக்கென்ன’ என்று அவள் பின்னால் போய் இரண்டு தடித்த முழங்கைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். முன் இருக்கைக்காரர் சாய்ந்தார். அவள் நெஞ்சுக்கு எதிரே ஒரு சாண் தூரத்தில் சுவர் வந்து நின்றது.

அந்தச் சுவரை அவளுக்குப் பழக்கம் உண்டு. கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

இறங்கியபோது மழை. டாக்ஸி வரிசையில் அவளுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பாமலே தெரிந்தது, அந்த உயரத்திலிருந்து வேறு யார் செருமுவார்கள்? அந்தக் கூடுதல் கட்டணத்தைத் தானே கொடுத்துவிடுவதாகச் சொன்னான். வேண்டாம் என்றாள். அவன் விடவில்லை. அவள் மசியவில்லை. உண்மை சொன்னதற்கு ஆன செலவு அது, அடுத்தவரிடம் வாங்க முடியாது என்றாள்.

அவன் ஒருநாளும் அதற்குக் காசு கட்டியதில்லையாம். “ரெண்டேகால் மணி நேரம். முட்டி வலிக்கும், இறங்கி நாலு எட்டு நடந்தா போயிடும். தானா போற வலிக்கு எதுக்குங்க காசு?” என்றான். பிறகு அவள் செருப்பைக் குனிந்து பார்த்தான். “கோவிச்சுக்காதீங்க… ஆறடி ஆள் நானே கட்டறதில்லை. உங்களுக்குக் கால் தரையே தொடாது போல. உங்களுக்கு எதுக்கு?”

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது. அவள் சிரிக்கவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் இமையில் ஒரு துளி நின்றது, மழையா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேலியை அப்படியே விழுங்கிக்கொண்டு குடையை அவள் பக்கம் சாய்த்தான். அவன் தோள் நனைந்தது.

“திறந்து பாத்ததில்லைன்னீங்களே…” என்றான் மெதுவாக. “மாசாமாசம் இங்க பெரிய ஆஸ்பத்திரி லிஃப்டைப் பாக்க வரேன். நாளைக்குக் காலைல அதை நிறுத்தி வெச்சு வேலை பாக்கறேன். வந்தா ஒரு கதவு திறந்து பாக்கலாம்.”

போகக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் அப்பாவின் கைகால் பயிற்சியும் அதே ஆஸ்பத்திரியில்தான். அண்ணன் வீட்டில் இருக்கும் அப்பாவைப் பார்க்கத்தான் மாதம் ஒருமுறை சனிக்கிழமை விமானத்தில் அவள் வருவது. மறுநாள் அப்பாவைப் பயிற்சி அறையில் விட்டுவிட்டு அண்ணியோடு தரைத்தளம் வந்தாள். அவன் லிஃப்டுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தான். அப்படியும் அவள் உயரத்துக்கு இருந்தான்.

கதவின் மேல் ஓரத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் ஓட்டை. அதில் போடுவதற்கு ஒரு சாவி. அவளுக்கு எட்டவில்லை. அவன் முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டான், சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டான். அவள் ஏறிச் சாவியைத் திருப்பினாள். அத்தனை பெரிய இரும்புக் கதவு ஒற்றைக் கைக்கு நகர்ந்தது.

“பலமே வேண்டாம்ங்க. பூட்டு எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும்” என்றான் அவன். “அதைவிட முக்கியம் ஒண்ணு இருக்கு. உள்ள மாட்டிக்கிட்டவங்களுக்கு மொதல்ல குரல் குடுக்கணும். பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்னு. கதவு அப்புறம் திறந்தாக்கூடப் பரவாயில்லை… அந்தக் குரல்லயே பாதி பயம் போயிடும்.”

அவள் முக்காலியிலிருந்து இறங்க மறந்து நின்றாள். அண்ணி அதைப் பார்த்தாள். பார்க்கவேண்டியதை மட்டும் சரியாகப் பார்க்கிற கண் அண்ணிக்கு.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் வரிசையில் பணிப்பெண் அதே கேள்வியைக் கேட்டபோது, “முடியும்!” என்றாள். ஆறு வரிசை திரும்பிப் பார்த்தது. பக்கத்து இருக்கையில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

“நீங்க இதுக்கெல்லாம் காசு கட்ட மாட்டீங்களே?” என்றாள் அவனிடம், ஆச்சரியத்தை மறைத்து.

“முட்டி வலிக்காகக் கட்டலைங்க.”

வேறு எதற்காக என்று அவள் கேட்கவில்லை. கன்னம் சூடானதை ஜன்னல் கண்ணாடியில் வைத்து ஆற்றிக்கொண்டாள். மேகத்துக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அன்றுதான் அவள் சொன்னாள், அவன் கேட்காமலே.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவளுக்கு நிச்சயம் வரை போன ஒரு கல்யாணம். எதைக் கேட்டாலும் ‘கண்டிப்பா’ என்று சொல்கிற மாப்பிள்ளை. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது, ‘நானும் கூட வரேன், கண்டிப்பா’ என்றான். விமானத்தில் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. கடைசி நேரத்தில் அதில் வேறு யாரோ வந்து உட்கார்ந்தார். கதவை மூடும் நேரத்தில் அண்ணனிடமிருந்து போன். அம்மா போய்விட்டாள்.

“நடு சீட்டு. ரெண்டு பக்கமும் ஆளுங்க. முன்னாடி சீட்டைச் சாச்சுட்டாங்க. எனக்குக் குனியணும்ங்க… முகத்தை மடியில வெச்சுக்கணும் போல இருந்தது. குனிஞ்சு அழக்கூட இடமில்லை. ரெண்டேகால் மணி நேரம் நிமிர்ந்து உக்காந்து அழுதேன். எல்லாரும் பாத்தாங்க.” சற்று நிறுத்தினாள். “அப்புறம்தான் காசு கட்டி, முன்னாடி இடம் இருக்கற சீட்டா வாங்க ஆரம்பிச்சேன். எப்பவும் முதல் வரிசை, அது கிடைக்காமத்தான் போன மாசம் இந்தக் கதவு சீட்டு. காலுக்கு இல்லை.”

தானாகப் போகிற வலி என்று சொன்னவன் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நீட்டியிருந்த காலை மெல்ல மடக்கி, அவள் முன்னால் இன்னும் கொஞ்சம் இடம் விட்டான். அந்த ஒரு சாண் இடத்தில்தான் அவள் மனம் விழுந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் பன்னிரண்டாம் வரிசைதான். இருவரும் வசிப்பது ஒரே நகரம் என்பதால் நடுநடுவே ஒரு தேநீர், ஒரு புத்தகக் கடை, மழைக்கு ஒதுங்கிய ஒரு பேருந்து நிறுத்தம்… அண்ணி போனில் விடமாட்டாள். “அம்மாடி, இந்தத் தடவை மாமாவைப் பாக்க வரியா, லிஃப்டைப் பாக்க வரியா?”

ஐந்தாவது மாதம், விமானம் தரையிறங்கும்போது அவன் கேட்டேவிட்டான். சுற்றி வளைக்கவில்லை. “நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?”

அவள் நெஞ்சு ‘சரி’ என்று துள்ளியது. வாய் ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்றது. அவன் சிரித்துக்கொண்டே, மெதுவாகச் சொல்லுங்க என்றான்.

யோசித்தாள். இங்கேதான் வந்தது வினை. வேறு பெண்ணாக இருந்தால் தோழியிடம் புலம்பியிருப்பாள், ஜாதகம் பார்த்திருப்பாள். இவள் ஆய்வாளர். சந்தேகக் கடைகளுக்கு நேரே போகமாட்டாள், முதலில் ஓர் ஆளை வாடிக்கையாளர் மாதிரி அனுப்பி ஒரு கிலோ சர்க்கரை வாங்கிவரச் சொல்வாள். கடைக்காரனுக்குத் தெரியாமல் எடை பார்த்தால்தான் உண்மை தெரியும். ஒன்பது வருடமாக அவளைக் கைவிடாத வழி. கூப்பிட்டால் வருவானா? அந்த ஒன்றைத்தான் அவள் தெரிந்துகொள்ள விரும்பினாள்.

பதினோராவது மாடியில் குடியிருக்கும் தோழி ஒருத்தி, பள்ளிக்கூட டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவனுக்கு விடுமுறை, வெளியே கொட்டுகிற மழை. லிஃப்ட் கதவு மூடாமலிருக்க நடுவில் ஒரு பூந்தொட்டியை வைத்தார்கள். டீச்சர் அவனுக்குப் போன் செய்து, லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒருத்தர் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்றாள். எந்த வார்த்தை சொல்லவேண்டும் என்று எழுதிக் கொடுத்தது இவள்தான். கையில் கடிகாரத்தோடு மாடிப்படி ஓரம் நின்றாள்.

முப்பது நிமிடம் ஆனபோது கீழே எங்கோ கதவை உள்ளங்கையால் தட்டும் சத்தம். “பயப்படாதீங்க! நான் வந்துட்டேன்!”

பிறகு ஓடிப் படியேறும் சத்தம். இரண்டாவது மாடியில் தட்டல். “பயப்படாதீங்க, வந்துட்டேன்!” மூன்றாவது மாடி… நான்காவது… லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறதென்று தெரியாமல் ஒவ்வொரு மாடியிலும் நின்று, ஒவ்வொரு கதவிலும் காதை வைத்து, இல்லாத ஒருவருக்குக் குரல் கொடுத்துக்கொண்டே ஏறினான். ஏழாவது மாடியில் குரல் மூச்சிரைத்தது. எட்டாவது மாடியில் அவள் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஓடிப் போய்த் தடுக்க நினைத்தாள். ஆனால் நின்ற இடத்திலேயே நின்றாள்.

பதினோராவது மாடிக்கு வந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. திறந்த லிஃப்டைப் பார்த்தான். பூந்தொட்டியைப் பார்த்தான். அவளையும் அவள் கையில் இருந்த கடிகாரத்தையும் பார்த்தான். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

“எத்தனை நிமிஷம்?” என்றான்.

“முப்பத்தஞ்சு…” பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

“எடை சரியா இருக்கா? முத்திரை குத்திடலாமா?” குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். அது இல்லை. “உள்ள யாரோ பயந்து போய் உக்காந்திருக்காங்கன்னு நெனச்சேங்க. வழியெல்லாம் அது ஒண்ணுதான் நெனச்சேன்.”

பூந்தொட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தான். டீச்சரிடம் சொல்லிக்கொண்டான். சரியாகிவிட்ட லிஃப்டில் ஏறாமல், படி வழியாகவே இறங்கிப் போனான்.

அதன்பின் அவள் போனை அவன் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதினாள். ‘பரவாயில்லைங்க’ என்று ஒரே ஒரு சொல் வந்தது. அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அடுத்த மாதம் பன்னிரண்டாம் வரிசையில் அவள் மட்டும். பக்கத்து இருக்கை காலி. காலை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம், குனிந்து எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம். இறங்கும்வரை குனிந்தேதான் இருந்தாள். ஆனால் எழுந்தபோது பாரம் குறையவில்லை. இடத்துக்காகக் காசு கட்டிவிடலாம், அந்த இடத்தில் யார் இல்லை என்பதற்கு யாரிடம் கட்டுவது?

அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அண்ணி கேலி செய்யவில்லை. “நீ அவரைச் சோதிச்சது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. அவர் கேட்டதுக்கு நீ இன்னும் பதிலே சொல்லலை” என்றாள்.

அதற்கடுத்த மாதம், சனிக்கிழமை. அவள் பன்னிரண்டாம் வரிசையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டும்போது, நடைபாதையில் ஒரு வளைந்த கழுத்து கடந்து போனது. நிற்கவில்லை. இருபத்து மூன்றாம் வரிசைக்குப் போய் ஜன்னலோரம் மடங்கிக்கொண்டது.

அதே பணிப்பெண் வந்தாள். இப்போதெல்லாம் அவளுக்கு இவளைத் தெரியும். “இன்னிக்கும் முடியும்தானே மேடம்?”

“முடியும். ஆனா இந்த சீட்டை வேற யாருக்காவது குடுங்க. நான் இருபத்து மூணுல நடு சீட்டுக்குப் போறேன்.”

காசு கட்டிய இடத்தை விட்டு யாராவது அங்கே போவார்களா என்று பணிப்பெண் பார்த்தாள். பிறகு இருபத்து மூன்றாம் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே நடுவில் இருந்தவரும் நெட்டைதான். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு, கதவையும் திறப்பேன் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே கிளம்பிவிட்டார். நடைபாதை ஓரம் ஒரு பருத்த மனிதர் ஏற்கனவே தூங்கிவிட்டிருந்தார். அவர் முழங்காலைத் தாண்டி, இடித்து, மன்னிப்புக் கேட்டு, அவள் அந்த இடுக்கில் இறங்கினாள்.

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

“பயப்படாதீங்க…” என்றாள். குரல் உடைந்தது. “நான் வந்துட்டேன்.”

அவன் திரும்பவில்லை. ஆனால் ஜன்னலில் வைத்திருந்த கை இறங்கியது.

“நேரமாயிடுச்சுதான். உங்களை மாதிரி முப்பத்தஞ்சு நிமிஷத்துல வரத் தெரியலை. ரெண்டு மாசம் ஆச்சு.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “நீங்க வருவீங்களான்னு பாக்கத்தான் அதைச் செஞ்சேன். எட்டாவது மாடிலயே தெரிஞ்சு போச்சு, எடை பாக்கவேண்டிய ஆள் நீங்க இல்லை, நான்தான்னு. உங்களைச் சோதிச்சது தப்பு. இனி ஒருநாளும் செய்ய மாட்டேன்.”

முன் இருக்கைக்காரர் சாய்ந்தார். அதே சுவர் நெஞ்சுக்கு எதிரே வந்தது. அவன் சட்டென்று திரும்பினான். அந்தச் சுவரையும், அவளையும், இரண்டு பக்க நெருக்கத்தையும் பார்த்தான். கோபமெல்லாம் எங்கோ போய், கண்ணில் பதற்றம் வந்தது.

“ஏங்க இங்க வந்தீங்க? இங்க உங்களுக்குக் குனியக்கூட இடமில்லையே…”

“தெரியும்” என்றாள். “சாய இடம் இருக்கான்னு கேக்கத்தான் வந்தேன்.”

அவன் தன் தோளை ஒருமுறை பார்த்துக்கொண்டான். அவள் விடவில்லை. இத்தனை நாள் தொண்டையில் நின்ற சொல், இப்போது நின்றால் இனி எப்போதும் நின்றுவிடும்.

“நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லணும். கல்யாணம் பண்ணிக்கலாம். திறந்து பாக்காத கதவுதான். அந்தப் பக்கம் என்ன இருக்கும்னு எனக்குத் தெரியாது. ஆனா திறக்கறேன்… உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு இன்னும் சம்மதமா?”

விமானம் ஓட ஆரம்பித்தது. அவன் கண்கள் நிறைந்திருந்தன. உதட்டைக் கடித்துக்கொண்டு, மெல்லத் தலையை ஆட்டினான்.

“தலையாட்டினா போதாது” என்றாள் அவள், அழுகையும் சிரிப்புமாக. “வாயால சொல்லணும்.”

“சம்மதம்” என்றான். அவளுக்குக் கேட்டால் போதும் என்றுதான் சொன்னான், ஆனால் தூங்கிக்கொண்டிருந்த பருத்த மனிதர் விழித்து இருவரையும் பார்த்தார். முழங்கையை மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடினார்.

அவன் முட்டி முன் இருக்கையில் இடித்துக்கொண்டிருந்தது. காலை நீட்டவும் வழியில்லை, மடக்கவும் வழியில்லை. அவள் தலை அவன் தோளுக்கு எட்டவில்லை, புஜத்தில் சாய்ந்திருந்தது. இரண்டேகால் மணி நேரமும் அவன் அந்தக் கையை அசைக்கவே இல்லை.